குளிக்க மாட்டேன் என்ற குஞ்சு: ஒரு கிணற்றடி நிகழ்வு ஆய்வு

பங்குனி உத்தரத்துக்கு மறுநாள் பகல். புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்குப் போனவள் அப்படியே அம்மா வீட்டில் தங்கிவிட்டேன். பதினொன்றரை மணியளவில் கிணற்றடியிலிருந்து ஒரு கத்தல் கேட்டது. நாகதம்பிரானைக் கும்பிட்டுவிட்டு வந்த மறுநாள் அல்லவா, பாம்புதான் என்று நினைத்து விழுந்தடித்து ஓடினேன். அங்கே அம்மா ஒரு கையில் குழாயும் மறு கையில் என் தங்கையின் மகளுமாக நின்றார். இருவரும் தெப்பமாக நனைந்திருந்தார்கள். பாம்பு இல்லை. குளிப்பு.

“மூன்று கிழமையாக இதே கூத்துத்தான்” என்றார் அம்மா.

நான் முன்பள்ளி ஆசிரியை. அந்த நேரம் ஒரு பயிற்சி நெறிக்காக, பிள்ளை ஒன்றை எட்டு வாரம் கவனித்து நிகழ்வு ஆய்வு எழுத வேண்டியிருந்தது. பென்சில் பிடிக்க மறுக்கும் ஒரு பையனைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். இந்தக் கத்தலைக் கேட்ட பிறகு அவனை விட்டுவிட்டேன். ஒப்படைத்த அறிக்கையில் எல்லாம் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததுபோல் இருந்தது. இங்கே எழுதுவது குறிப்புக் கொப்பியில் கிடந்தபடி, என் பிழைகளோடு.

பிள்ளையும் வளவும்

பெண் பிள்ளை. ஆய்வு தொடங்கியபோது வயது 2 வருடம் 2 மாதம். வீட்டில் எல்லோரும் குஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். கிளினிக்கில் நிறுத்த நிறை பதிவேட்டில் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுவாள்: ‘அம்மம்மா வா’, ‘மாடு போ’. மூன்றாவது சொல் தேவைப்படும் இடத்தில் கையை நீட்டிக் காட்டுவாள்.

தாய், அதாவது என் தங்கை, ஆடைத் தொழிற்சாலையில் வேலை. காலை ஐந்தரைக்கு பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் படலையைத் திறப்பாள். தகப்பனுக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் மனிதரை வாய்க்கால் கரையில்தான் பார்க்கலாம். ஆகவே ஞாயிறு தவிர்ந்த ஆறு நாளும் பிள்ளைக்கு முழுக வார்ப்பது அம்மம்மா. அவருக்கு வயது 61, இரண்டு முழங்காலிலும் வாதம்.

வீடு வட்டக்கச்சிப் பக்கம். குளியலறை ஒன்று உண்டு. ஆனால் அதற்குள் இருட்டும் பல்லியும்தான் குடியிருக்கின்றன. பிள்ளைகளை எப்போதும் கிணற்றடியில்தான் வார்ப்பார்கள். கட்டுக்கிணறு, சுற்றிச் சீமெந்துத் தரை, ஒரு பக்கம் உடுப்புத் தோய்க்கும் கல். கழிவுத் தண்ணீர் ஓடிப்போய் விழும் இடத்தில் நாலு கதலி வாழை. இரும்புச் சட்டத்தின் மேல் 1,000 லீற்றர் கறுப்புத் தாங்கி. அடியில் ஒரு நீலப் பேசின். கைக்குழந்தைக் காலத்திலிருந்து குஞ்சு அதற்குள்தான் குளிக்கிறாள். மாசி மாதம்வரை அதைவிட்டு வெளியே எடுப்பதுதான் பாடு என்றார்கள்.

ஆளுக்கொரு காரணம்

“பிள்ளை, இது நாவூறு” என்றார் அம்மா என்னிடம். தங்கையோடு வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு வந்து, ‘என்ன வடிவான முடி’ என்று தலையைத் தடவிவிட்டுப் போன கிழமையில்தான் இது தொடங்கியதாம். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாயிற்று. மிளகாய் கமறவில்லை, ஆகவே நாவூறுதான் என்று உறுதியும் ஆயிற்று. கத்தல் மட்டும் நிற்கவில்லை.

அவரிடம் இன்னொரு காரணமும் இருந்தது: 2018 டிசெம்பர் வெள்ளம். இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடான நாட்களில் இந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. அந்தப் பயம் இரத்தத்தில் இறங்கியிருக்கிறது என்றார். குஞ்சு பிறந்தது அதற்கு எவ்வளவோ காலம் கழித்து என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

“சவர்க்காரம் கண்ணில் பட்டிருக்கும் அக்கா” என்றார் தகப்பன். தங்கை அன்று இரவு பாயில் படுத்தபடி, “நான் வீட்டில் இல்லாதபடியால்தான்” என்றாள். வேலைக்குப் போகும் தாய்மார் இந்த ஒரு காரணத்தை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பார்கள். எது நடந்தாலும் அதை எடுத்துத் தம்மையே குத்திக்கொள்வார்கள். நான் மறுமொழி சொல்லவில்லை.

என்னிடமும் ஒரு காரணம் தயாராக இருந்தது. இரண்டு வயதை ஒட்டிக் குளிப்புக்குப் பயப்படுவது பல பிள்ளைகளுக்கு வரும். நேற்றுவரை துள்ளிய பிள்ளை இன்று பேசினைக் கண்டால் காலைச் சுருட்டும். தண்ணீர் சுழன்று போகிற ஓட்டைக்குள் தானும் போய்விடுவேன் என்றுகூடச் சில பிள்ளைகள் நினைக்கும். இது வயதின் கோளாறு, விளையாட்டுக் காட்டினால் தீரும் என்று முடிவுகட்டினேன். பார்ப்பதற்கு முன்பே முடிவுகட்டியது என் முதல் பிழை.

விளையாட்டுக் காட்டிய கிழமை

கிளிநொச்சிக் கடையில் மஞ்சள் பிளாஸ்டிக் வாத்துகள் மூன்று வாங்கிவந்து பேசினில் மிதக்கவிட்டேன். குஞ்சு ஒவ்வொன்றாக எடுத்தாள், வெளியே சீமெந்தில் அடுக்கினாள், தானும் அவற்றோடு வெளியே நின்றுகொண்டாள். வாத்துகளுக்கும் குளிப்புத் தேவையில்லை என்று தீர்மானித்துவிட்டாள் போலும்.

அடுத்தது கைத்தொலைபேசி. முதல் இரண்டு நாளும் கண் திரையில் ஒட்டிக்கொண்டது. மேலில் தண்ணீர் பட்டதையே அவள் உணரவில்லை. ‘வெற்றி’ என்று கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் தொலைபேசியை எடுத்தவுடனேயே கத்தல். அதைக் காட்டினால் பின்னால் குளிப்பு வரும் என்று கண்டுபிடித்துவிட்டாள். அதைவிட மோசமான ஒன்றையும் அன்று பார்த்தேன். திரையை அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிறு பிள்ளை மூழ்க ஐந்து சென்ரிமீற்றர் ஆழத் தண்ணீர் போதும், பெரும்பாலும் சத்தமும் கேட்காது. அதன் பிறகு தொலைபேசி கிணற்றடிப் பக்கம் போகவில்லை.

பிறகு நுரை. காணொளிகளில் பிள்ளைகள் கழுத்தளவு நுரைக்குள் இருந்து சிரிக்கிறார்களே, அந்த நுரை. சவர்க்காரத்தைச் சீவிக் கரைத்துக் கை நோகும்வரை அடித்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வன்னீர். கல்சியமும் மக்னீசியமும் கூடிய தண்ணீரில் சவர்க்காரம் நுரைப்பதை விட்டுவிட்டுக் கசடாகத் திரளும். கேத்திலுக்குள் வெள்ளையாகப் படைபடையாகப் பிடிப்பதும் அந்தத் தண்ணீர் விட்டுப்போகிற சுண்ணாம்புதான். பள்ளிக்கூடத்தில் ‘வன்னீர்’ என்று முதன்முதல் படித்தபோது, வன்னியில் இருக்கும் தண்ணீருக்கு வைத்த பெயர் என்றே நினைத்திருந்தேன். மாரியில் என்றால் பீலியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்திருக்கும், அது நன்றாக நுரைக்கும். பங்குனியில் எங்கே போவது? பேசினில் கஞ்சி வடித்ததுபோல் ஒன்று நின்றது. குஞ்சு எட்டிப் பார்த்து “சீ” என்றாள். அவளோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

ஒரு சொல்

கொப்பியைத் திருப்பிப் பார்த்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஐந்தாம் நாள் பக்கத்தில் இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. ஒன்று: ஞாயிறு காலை தங்கைக்குப் பதிலாகத் தகப்பன் வாளியால் அள்ளி வார்த்தபோது பிள்ளை முனகினாள், கத்தவில்லை. மற்றது: மற்ற நாட்களில் கத்தல் தொடங்குவது தண்ணீர் படும்போது அல்ல, அம்மம்மா கறுப்புக் குழாயை நிலத்திலிருந்து தூக்கும்போது. இரண்டையும் என் கையால் எழுதிவிட்டுத்தான் நுரை அடிக்கப் போயிருக்கிறேன்.

அதோடு பிள்ளை ஒரு சொல்லும் சொல்லிக்கொண்டிருந்தாள். குழாயைக் கண்டதும் “சுடும், சுடும்” என்பாள். அம்மா அதை, பிள்ளை சுடுதண்ணீர் கேட்கிறது என்று விளங்கிக்கொண்டார். பச்சைத்தண்ணீர் குளிர்கிறதாக்கும் என்று கேத்திலில் கொதிக்கவைத்துப் பேசினில் கலந்தார். பிள்ளை சுடும் சுடும் என்று சொல்லச் சொல்ல, நாங்கள் இன்னும் கொஞ்சம் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டியவள்தான்.

எட்டாம் நாள் நடுப்பகல் வாழையடியில் சேற்றை மிதித்துவிட்டுக் காலைக் கழுவக் குழாயைத் திறந்தேன். காலை உதறிக்கொண்டு பின்னுக்குப் பாய்ந்தேன். ஒரு பத்து நொடி போயிருக்கும், அதே குழாயில் பச்சைத்தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

முழங்கால் வாதத்தோடு குனிந்து அள்ள முடியவில்லை என்று, மாசிக் கடைசியில்தான் தாங்கியிலிருந்து கிணற்றடிக்கு முப்பது அடி கறுப்புக் குழாய் இழுத்திருக்கிறார்கள். அது மணலிலும் சீமெந்திலுமாக வெயிலில் கிடக்கும். முக்கால் அங்குலக் குழாய், முப்பது அடி. கணக்குப் பார்த்தால் உள்ளே இரண்டரை லீற்றர் தண்ணீர் நிற்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியில் வன்னிக்கு நேர் உச்சியில் வரப்போகும் சூரியன் அதைக் காலை முழுக்கக் காய்ச்சுகிறது. தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் ஆய்வுகூட வெப்பமானியை இரவல் வாங்கி மறுநாள் வைத்துப் பார்த்தேன். முதலில் வந்த தண்ணீர் 50 பாகை செல்சியஸைத் தாண்டியிருந்தது. பிள்ளைக்கு வார்க்கும் தண்ணீர் 37, 38 பாகையில் இருந்தால் போதும்.

அந்தச் சூட்டுத் தண்ணீர் ஒரு கணம் பட்டுப்போனால் கொப்பளம் போடாது, அடையாளமும் நிற்காது. ஆனால் நோகும். பிள்ளையின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. அம்மா குழாயின் நுனியைப் பிடித்தபடி முதல் தண்ணீரை முதுகில் விடுவார். கத்தலைக் கேட்டுக் கையை நீட்டிப் பார்க்கும்போது பச்சைத்தண்ணீர் வந்திருக்கும். “ஒன்றும் சுடவில்லையே!” என்பார். அவர் சொன்னதும் உண்மை, பிள்ளை சொன்னதும் உண்மை. இடையில் இருந்தது பத்து நொடி.

அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. குழாயைக் கழற்றிச் சுருட்டி மாட்டுக் கொட்டிலுக்குள் எறிந்துவிட்டு வந்து கை கழுவினார். அன்று பின்னேரம் முழுக்கப் பிள்ளையை மடியிலிருந்து இறக்கவில்லை.

சிரட்டை

குழாய் போய்விட்டது. கத்தல் போகவில்லை. மூன்று கிழமை கற்ற பாடத்தை ஒரு பிள்ளை ஒரு நாளில் மறக்காது. இப்போது வெறும் பேசினைக் கண்டாலே அம்மம்மாவின் சேலைக்குள் ஒளிந்தாள்.

சில மாற்றங்களைப் பேச்சில்லாமல் செய்தோம். நடுப்பகல் குளிப்பு பின்னேரம் நாலரைக்குப் போனது. மோட்டர் போடுவதானால் அவள் நித்திரையில் இருக்கும்போதே போட்டு முடித்தோம். தண்ணீரைத் தகப்பன் காலையிலேயே அள்ளி வேப்பமர நிழலில் இரண்டு வாளி நிரப்பி வைத்தார். சுடுதண்ணீர் தேவையென்றால் பச்சைத்தண்ணீரை முதலில் ஊற்றி, அதன் மேல்தான் சுடுதண்ணீர். அம்மா முழங்கையைத் தோய்த்துப் பார்ப்பார், பிறகு குஞ்சுவின் விரலைத் தோய்க்கவைப்பார். விரல் ‘ஓம்’ என்றால்தான் அடுத்த வேலை.

பேசினைக் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, கிணற்றடிக்கு ஆறேழு அடி தள்ளி முற்றத்தில் ஒரு சருவச்சட்டித் தண்ணீர் வைத்தேன். பக்கத்தில் மூன்று சிரட்டை. ஒன்று முழுச் சிரட்டை. இன்னொன்றில் மெல்லிய கண்ணை மட்டும் கம்பியால் குத்தித் திறந்திருந்தேன். மூன்றாவதில் ஆணியைக் காய்ச்சிப் பத்துப் பன்னிரண்டு துளை. விளிம்பு கையைக் கீறாதபடி உடைந்த ஓட்டில் தேய்த்திருந்தேன். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நான் முருங்கையிலை உருவிக்கொண்டு திண்ணையில் இருந்தேன்.

அவள் வந்தாள். முழுச் சிரட்டையால் அள்ளினாள், ஊற்றினாள், அள்ளினாள், ஊற்றினாள். பிறகு கண் திறந்த சிரட்டையை எடுத்து அள்ளித் தூக்கினாள். தண்ணீர் நூலாக விழுந்தது. சிரட்டைக்குள் பார்த்தாள், தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. எங்கே போகிறது? மறுபடி அள்ளினாள். இந்த முறை தலைக்கு மேலே தூக்கி, அண்ணாந்து, அடியிலிருந்து கண்ணைப் பார்த்தாள். நூல் நேரே மூக்கில் விழுந்தது. மூச்சை இழுத்தாள். இரண்டு கண்ணையும் இறுக மூடினாள். நான் இலையை விட்டுவிட்டேன். இதோ கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து சிரட்டையை ஒரு பார்வை பார்த்தாள், மறுபடி அள்ளினாள், மறுபடி மூக்கில் விட்டாள். அதற்குப் பிறகு எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஒரு மாதத்தில் அவள் முகத்தில் தானாக விட்ட முதல் தண்ணீர் அது.

அன்றைய பக்கத்தில் ‘தண்ணீர் யார் கையில்?’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

முந்திய கிழமை நான் அவளுக்குக் காட்டியதெல்லாம் வேடிக்கை. வாத்தை நான் மிதக்கவிட்டேன், நுரையை நான் அடித்தேன், அவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அந்த இடைவெளியில் நாங்கள் எங்கள் அலுவலை முடித்துக்கொள்வோம். இது ஒரு சின்ன ஏமாற்று. அவள் ஏமாறவில்லை. சிரட்டையை வைத்தபோது அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது.

வேலையைப் பெரிதாக்கியவர் தகப்பன். ஒரு பின்னேரம் வயலால் வந்தவர், சருவச்சட்டியடியில் தேங்கிய தண்ணீருக்கு ஒரு தடியால் சின்னக் கோடு கிழித்து வாழையடிக்கு வாய்க்கால் வெட்டிவிட்டார். தண்ணீர் ஓடியது. பிறகு மண்ணால் அதை அடைத்து இன்னொரு வாழைக்குத் திருப்பினார். குஞ்சு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். தோட்டக்காரர் இதைத் தண்ணீர் மாறுவது என்பார்கள். ஒருவர் இறைக்க, மற்றவர் பாத்திக்குப் பாத்தி வாயைத் திறந்தும் அடைத்தும் போவார். மறுநாளிலிருந்து குளிப்பு என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. “குஞ்சு, தண்ணீர் மாற வருகிறாயா?” என்றுதான் அம்மா கேட்பார். வாழைக்குத் தண்ணீர் விட வாய்க்காலில் நிற்க வேண்டும், நின்றால் கால் நனையும், கால் நனைந்தால் சேறு, சேற்றைக் கழுவ வேண்டும். இப்படி ஒவ்வொரு அடியாகப் பேசினுக்குள் வந்து சேர்ந்தாள். அதற்குப் பத்து நாள் பிடித்தது.

பேசினுக்குள் போனவை, போகாதவை

விளையாட்டுச் சாமான் வாங்க வேண்டியிருக்கவில்லை. வளவே போதும். வாழைமடலில் ஒரு வள்ளம். பப்பாசி இலைக் காம்பில் ஒரு குழல், ஊதினால் பேசினின் அடியிலிருந்து குமிழி கிளம்பும். பப்பாசிக் காம்பை வெட்டினால் பால் வரும், அது தோலை அரிக்கும். நன்றாகக் கழுவிக் காயவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். குரும்பட்டி மிதக்கும், அமுக்கிவிட்டால் துள்ளி மேலே வரும். இதற்கு நிகரான பொம்மையை நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை. கழுவிய பனங்கொட்டையைக் குளிப்பாட்டிச் சீப்பால் தலை வாரிவிடுவாள், அதற்கு அத்தனை முடி.

வேப்பங்கொட்டை, மஞ்சாடி, புளியங்கொட்டை எதையும் விடவில்லை. பிள்ளையின் வாய்க்குள் முழுதாகப் போகக்கூடிய எதுவும் கிணற்றடிக்குத் தேவையில்லை. ஐந்து வயதான என் மகன் ஒரு நாள் உதவி செய்வதாக நினைத்துக் கைநிறைய மஞ்சள் அலரிக்காய் பொறுக்கிவந்து, “தங்கச்சிக்கு வள்ளம்” என்று போட்டான். நன்றாகத்தான் மிதந்தன. பேசினைத் தண்ணீரோடு கவிழ்த்துக் கொட்டினேன். அலரி விதை இதயத் துடிப்பையே குழப்பும் நஞ்சு என்பது வடக்கில் எந்த வைத்தியசாலைக்கும் தெரியும். ஆனாலும் வேலியோரத்தில் அது பூத்துக்கொண்டுதான் நிற்கிறது. மகன் அழுதான். அவனை அந்த வேலி முழுக்கக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவேண்டியிருந்தது.

அவன் வந்ததால் வேறொரு வேடிக்கையும் நடந்தது. ஒரு சிரட்டைத் தண்ணீரை ஒடுங்கிய போத்தலில் ஊற்றியதும் தன்னிடம்தான் கூடத் தண்ணீர் இருக்கிறது என்று சாதித்தான். அகன்ற தட்டில் ஊற்றினால் குறைந்துவிட்டதாம். ஏழு வயதை ஒட்டித்தான் பிள்ளைகளுக்கு இது பிடிபடும் என்று சுவிற்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே சொன்னதைப் புத்தகத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். கிணற்றடியில் பார்த்தபோதுதான் நம்பினேன். குஞ்சு இந்த வழக்கில் கலந்துகொள்ளவில்லை. இருவர் தண்ணீரையும் எடுத்து வாழைக்கு ஊற்றிவிட்டாள்.

தலை

மேல் கழுவுவது சரி வந்துவிட்டது. தலையில் தண்ணீர் என்றால் மட்டும் இன்னும் தோள் இரண்டும் காதுவரை ஏறும். சித்திரை வருடப் பிறப்பு வந்தது. அன்று மருத்துநீர் வைக்காமல் முழுகுவதில்லை. கோயிலிலிருந்து போத்தலில் வாங்கிவந்திருந்தார்கள். அறுகு, வில்வம், துளசி, மஞ்சள், மிளகு, சுக்கு எல்லாம் போட்டுக் காய்ச்சியது. பெரியவர் தலையில் வைக்க, பிறகு தலையோடு தண்ணீர். அம்மாவுக்கு அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. எனக்கு அன்றைக்கு இரண்டு கிழமை உழைப்பும் போகப்போகிறது என்ற நடுக்கம்.

அம்மா என்னைவிடக் கெட்டிக்காரி. முதலில் தான் மணையில் அமர்ந்துகொண்டு, அறுகம்புல்லைக் குஞ்சுவின் கையில் கொடுத்து, “அம்மம்மாவுக்கு வை” என்றார். அவள் மருத்துநீரில் தோய்த்து அம்மம்மாவின் உச்சியில் வைத்தாள். பிறகு தகப்பனுக்கு. பிறகு எனக்கு. எங்கள் எல்லோருடைய தலையிலும் மஞ்சள் நீர் வழிந்தது. தன் முறை வந்தபோது மறுக்க அவளுக்கு ஒரு நியாயமும் இருக்கவில்லை. முழு வாளி வார்க்கவில்லை. துளைச் சிரட்டையால் மூன்று முறை மட்டும், அதுவும் ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொல்லி. எண்ணும்போது வேப்பங்கொப்பில் இருக்கும் காகத்தைத் தேடச் சொன்னோம். அண்ணாந்தால் தண்ணீர் பின்னுக்குப் போகும், கண்ணுக்கு வராது. நெற்றியில் மடித்த துவாயை அவளே பிடித்துக்கொண்டாள். காகம் அன்று இருந்தது. இல்லாத நாட்களில் அம்மா இருப்பதாகச் சொல்லிவிடுவார். பிள்ளை நம்புவதில்லை, ஆனாலும் அண்ணாந்து பார்க்கும்.

வெற்றியின் ஆபத்து

ஐந்தாம் வாரம் நடந்ததை அறிக்கையில் இரண்டு வரியில்தான் எழுதினேன். இங்கே கொஞ்சம் கூட எழுதவேண்டும்.

காலை பத்து மணி. அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். குஞ்சு விறாந்தையில் இருந்தாள். பிறகு விறாந்தையில் இல்லை. நான் வெளியே வந்து பார்த்தபோது கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் ஏறி நின்றாள். கட்டு அவள் நெஞ்சுக்கு வந்தது. ஒரு கையில் சிரட்டை. மறு கையைக் கட்டின் உட்பக்கம் நீட்டித் தண்ணீரை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் கால் வழுக்கும். கூப்பிடாமல், செருப்பைக் கழற்றிவிட்டு நடந்துபோய்ப் பின்னால் அணைத்துத் தூக்கினேன். “தண்ணீர் மாற” என்று சிரட்டையைக் காட்டினாள்.

தண்ணீரைக் கண்டு ஓடிய பிள்ளையைத் தண்ணீரைத் தேடிப் போகும் பிள்ளையாக்கியது நாங்கள். ஒரு மாதத்துக்கு முன் அவளுடைய பயமே கிணற்றுக்கு வேலியாக இருந்தது. அந்த வேலியை நாங்கள் பிடுங்கிவிட்டு வேறு வேலி போடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கிலும் நீரில் மூழ்கி இறப்பவர்களின் விகிதம் ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளிடையேதான் அதிகம். நடக்கக் கால் இருக்கிறது, ஆழம் அறிய அறிவு இல்லை என்கிற வயது. பிள்ளைக்குக் குளிப்பைப் பழக்கும் எவரும் முதல் நாளே செய்யவேண்டியதை நான் ஐந்தாம் வாரம் செய்தேன்.

அன்று பொழுதுபடுவதற்குள் தகப்பன் கிணற்று வாய்க்கு இரும்பு வலை போட்டார். கிணற்றடியைச் சுற்றித் தகரம் அடித்து ஒரு படலை வைத்தார், கொக்கி என் தோள் உயரத்தில். வாளிகளும் பேசினும் குளிப்பு முடிந்ததும் வெறுமையாக்கிக் கவிழ்த்துத் தகரத்துக்கு வெளியே வைக்கப்படும். சிரட்டை, வள்ளம், குழல் எல்லாவற்றையும் அம்மா ஒரு பனையோலை உமலுக்குள் போட்டு விறாந்தை வளையில் தூக்கிவிட்டார். உமல் கீழே இறங்கினால் பெரியவர் ஒருவர் கூட வருகிறார் என்று அர்த்தம். உமல் மேலே இருந்தால் தண்ணீர் இல்லை. சொல்லிப் புரியவைத்ததைவிட உமல் நன்றாக வேலை செய்தது. இருந்தும் அம்மா இப்போதும் தேங்காய் துருவும்போது பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, ‘ஒன்று பாடு’ என்பார். குரல் நின்றால் எட்டிப் பார்ப்பார்.

தீராதவை

பேசினைவிட்டு எழும்பமாட்டாள். வைகாசிக்குக் கிணறு இறங்கிவிட்டது, நாற்பது நிமிடக் குளிப்புக்கு அம்மாவுக்குப் பொறுமையும் இல்லை, தண்ணீரும் இல்லை. கடைசி வேலையாகப் பேசின் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி வாழைக்கு முடிக்க வேண்டும் என்று வைத்தோம். தண்ணீர் தீர்ந்தால் அவளே எழும்பினாள். வெறும் பேசினில் இருக்க யாருக்கும் விருப்பமில்லை. இருமல், தடிமன் நாட்களில் மட்டும் இந்த ஒழுங்கு எல்லாம் குலைந்து பழைய முனகல் திரும்பும். அந்த நாட்களில் ஈரத்துவாயால் துடைத்துவிடுவதோடு சரி.

பெரிய சிக்கல் ஞாயிற்றுக்கிழமை. தங்கைக்குக் கிழமையில் கிடைக்கும் ஒரே குளிப்பு அது. அவள் தொழிற்சாலை வேகத்தில் வார்ப்பாள். முதலில் தலை, பிறகு சவர்க்காரம், பிறகு ஒரு வாளி, முடிந்தது. பிள்ளை “அம்மம்மா!” என்று கத்துவாள். தங்கை துவாயை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இரண்டு ஞாயிறு இப்படிப் போனது. நாங்கள் ஆறு நாளும் பிள்ளையோடு ஒரு பாஷை பழகிவிட்டு, தாய்க்கு அதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருந்தோம். மூன்றாம் சனி இரவு தங்கையை இருத்தி வைத்து ஒழுங்கைச் சொன்னேன்: உமல், விரல், சிரட்டை, காகம், வாழை. அவள் கேட்டுவிட்டு, “ஒரு குளிப்புக்கு இவ்வளவா அக்கா?” என்றாள்.

எட்டாம் வார ஞாயிறு. மறுநாள் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல், எல்லோரும் போவதாக இருந்தது. தங்கை உமலை இறக்கிக்கொண்டு வந்தாள். அம்மா தோய்க்கும் கல்லில் இருந்தபடி, அம்மன் கோயிலில் கடல் தண்ணீரில் விளக்கு எரியும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். “தண்ணீரில் நெருப்பு!” என்று கையை விரித்தார். குஞ்சு கேட்டுக்கொண்டே பேசினைப் பார்த்தாள். “சுடும்?” என்றாள்.

“சுடாது குஞ்சு. தொட்டுப் பார்” என்றாள் தங்கை.

தொட்டுப் பார்த்தாள். உள்ளே இறங்கினாள். தங்கை வாளியைத் தள்ளி வைத்துவிட்டு முழுச் சிரட்டையை அவளிடம் நீட்டி, பேசினுக்கு முன்னால் சீமெந்தில் சப்பணம் போட்டு அமர்ந்தாள். வீட்டு உடுப்போடுதான். “அம்மாவுக்கு வார்” என்றாள். குஞ்சு அள்ளினாள். அள்ளியதை உடனே ஊற்றவில்லை. சிரட்டையை மடியில் வைத்து, இடது கையை மடக்கி, முழங்கையைச் சிரட்டைக்குள் விட முயன்றாள். முழங்கை போகவில்லை, பாதித் தண்ணீர் மடியில் கொட்டியது. மிச்சத்தில் முழங்கை நுனி கொஞ்சம் நனைந்தது. அதைப் பார்த்தாள்.

“சுடாது” என்று தாய்க்குச் சொல்லிவிட்டு, எழுந்து நின்று அவள் தலையில் ஊற்றினாள்.